செதில் சீவும் கை

ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டேன். கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, "ரூஹெ, ரூஹெ" என்றார். அந்தச் சொல்லுக்கு அமைதி என்பதோடு ஓய்வு என்றும் பொருள். ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். இயந்திரம் அவர் வீட்டுக் கூரையை அதிரவைத்தது பிறகுதான் தெரிந்தது. இத்தனைக்கும், நான் இந்த நாட்டுக்கு வந்ததே அதிர்வைக் குறைக்கும் ஆராய்ச்சிக்குத்தான்.

எங்கள் ஆய்வகத்தில் கை நடுங்குபவர்களுக்காக ஒரு மணிக்கட்டுப் பட்டை செய்கிறோம். நடுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே காலையில் ஒரு மாதிரி, களைத்தபின் வேறு மாதிரி. அதனால் பட்டை கையைக் கவனித்துக்கொண்டே தன்னைத் திருத்திக்கொண்டு, நடுக்கத்துக்கு எதிராக அசையும். அம்மாவுக்காகவே இந்த வேலையைத் தேடிப் பிடித்தேன். மயிலாப்பூருக்குக் கிழக்கே, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றவள் அவள். கை நடுங்கத் தொடங்கியதும், அவளிடம் மீன் வாங்கியவர்கள் வெட்ட மட்டும் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

போன வருட விடுமுறையில் அனுமதி வாங்கி ஒரு பட்டையைக் கொண்டுபோனேன்.

"இன்னாடி இது, வாட்ச்சா?"

கட்டிவிட்டேன். சற்று நேரத்தில் கை அடங்கியது. டீயைச் சிந்தாமல் குடித்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கடையில் ஒரு சங்கரா மீனை எடுத்துச் செதில் சீவினாள். முன்னும் பின்னுமாகப் போன அந்த வேகத்தையும் நடுக்கம் என்றே எடுத்துக்கொண்டு, பட்டை அவள் கையை இழுத்துப் பிடித்தது. நான்கு நாள் பட்டையின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"நடுக்கம் நிக்குது கண்ணு. ஆனா வேலையும் நிக்குதே. உன் மெசினுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிது" என்று கழற்றி என்னிடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த தபா சரி பண்ணி எடுத்துனு வா" என்றாள்.

சரிசெய்ய எட்டு மாதமாயிற்று. அதற்குள் அண்ணன் போன் செய்துவிட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

திரும்பி வந்த வாரம், உடன் வேலை செய்யும் மார்ட்டின் சோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார். அந்த நான்கு நாளில், அணைத்துக் கட்டியிருந்த நேரங்களில் பட்டையில் பதிவான அசைவுகளை ஓர் இயந்திரக் கைக்குக் கொடுத்திருந்தார். அது அவளைப் போலவே நடுங்கியது.

"நல்ல பதிவு. யாருடைய கை?"

"மீன் வெட்டுபவர்."

"ஓ, சமையல்காரரா?"

தலையசைத்தேன். சரிசெய்த பட்டையை அதில் கட்டி, இயக்கச் சொன்னார். பொத்தானில் விரலை வைத்தவள் அழுத்தாமல் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் முன்னால் அம்மாவின் கை, மீனில்லாத மேசைமேல் வேகமாகச் செதில் சீவிக்கொண்டிருந்தது.