நீங்க மதாம்?

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பிய புதிது. நானும் அவளும் ஒரு பெண்கள் பள்ளியில் ஒரே கூடத்தில் பாடம் நடத்தினோம். நடுவே ஒரு மூங்கில் தட்டி. அவள் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பத்துப் பெண். டீச்சர் என்பதற்குப் பதில் பிள்ளைகள் அவளைப் பிரெஞ்சு வழக்கப்படி ‘மதாம்’ என்பார்கள்.

என் பக்கம் வாய்ப்பாடு முழங்கும். அவள் பக்கம் காலையில் பேர் கூப்பிட்டால் எவளும் ‘உள்ளேன்’ சொல்ல மாட்டாள். மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும். “கோவம்.” “சந்தோஷம் மதாம், அக்காவுக்குக் கொழந்த பொறந்துடுச்சி.” ஒருத்தி பயம் என்றால் ஆறுதல் பேசக் கூடாது, பக்கத்திலிருப்பவள் நகர்ந்து ஒட்டி உட்கார வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் எல்லோரும் கேட்பார்கள்: “நீங்க மதாம்?” அவளும் மழுப்பாமல் சொல்வாள்.

இதெல்லாம் ஒரு பாடமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த வகுப்பில் அடிதடி ஓய்ந்துபோனதைத் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து நானே கேட்டேன். குப்பத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் மசியவில்லை. அவள் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். எப்போது கேட்டாலும் “ஒண்ணுமில்ல” என்பாள். ஒட்ட வந்தவளைக் கிள்ளுவாள். மதாம் வற்புறுத்தியதே இல்லை. “சரிம்மா” என்று அடுத்த பேருக்குப் போய்விடுவாள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

பழைய ஆட்சியில் சேர்ந்த டீச்சர்களை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார்.

“இன்னிக்கி மட்டும் உள்ளேன்னு சொல்ல வைடி,” என்று கெஞ்சினேன்.

“அவருக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?” என்றாள்.

பேர் கூப்பிட்டாள். வழக்கமான பதில்கள் வந்தன. இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கி எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பாழாய்ப்போன கேள்வி: “நீங்க மதாம்?” நான் தட்டி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

“பயமா இருக்கு,” என்றாள். “ஐயா எழுதறதப் பொறுத்துத்தான் நான் இனிமே இங்க இருப்பேன்.”

கடைசி பெஞ்சிலிருந்து குப்பத்துப் பெண் எழுந்தாள். இன்ஸ்பெக்டரைத் தாண்டிப் போய் மதாமை ஒட்டி நின்றுகொண்டாள்.

“உனக்கு என்னம்மா?” என்று கேட்டார் அவர்.

“எனக்கும் பயம்,” என்றாள்.

வேலை நிலைத்தது என்று உத்தரவு பிறகுதான் வந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் பேனாவை மூடிவிட்டு, நாற்காலியை அவர்கள் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.