பக்கத்துக் கட்டில் அக்கா சொல்லிக்கொடுத்தது

நம்பினால் நம்புங்கள். எனக்கு மூளை பிசகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட டாக்டரே இருக்கிறார். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில்.

சாகத் துணிந்தவர்களை நாலைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிற மனநல வார்டு அது. உள்ளே போனதும் முதலில் பைஜாமா நாடாவை உருவிவிடுவார்கள். எல்லோரும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடப்போம். கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கால் மணிக்கு ஒருமுறை கதவுக் கண்ணாடியில் நர்ஸின் முகம் வந்து போகும்.

மூன்றாம் நாள் கணவர் பார்க்க வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வெளிய வந்தா சரி. இல்லன்னா பையனைக் கூட்டிட்டு எங்கம்மா ஊருக்குப் போயிடுவேன். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல."

அவர் போனபின் போர்வைக்குள் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.

"அழுதா இன்னும் நாலு நாள் சேத்துப் போடுவாங்க, லூசு. டாக்டர்கிட்ட என்ன பேசணும்னு நான் சொல்லித் தரேன்."

நாற்பது வயதிருக்கும். படிய வாரிய தலை. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மாத்திரை மயக்கத்தில் கவனிக்கவில்லை போலும்.

"நல்லாத் தூங்கினேன்னு சொல்லாத, நம்ப மாட்டாங்க. நடுவுல ஒருதரம் முழிச்சேன்னு சொல்லு. செத்துடலாம்னு தோணுதான்னு கேட்டா டக்குனு இல்லன்னு சொல்லாத. கொஞ்சம் யோசி. கடைசியா, போனதும் முதல்ல என் பொண்ணுக்குத் தலை சீவிப் பின்னி விடணும் டாக்டர்னு சொல்லு. உருகிடுவாரு."

"எனக்குப் பையன், அக்கா."

"அப்ப சாப்பாடு ஊட்டணும்னு சொல்லு. அதையும் நானே சொல்லணுமா?"

விளக்கு அணைக்கும்வரை சொல்லிப் பார்த்தேன். தப்பினால் திருத்தினாள்.

மறுநாள் பதினொரு மணி. நர்ஸ் துவைத்த போர்வைகளோடு வந்தாள். அடுக்கை அக்காவின் மடியில் வைத்தாள். போய்விட்டாள்.

அக்கா அசையவில்லை. என்னையே பார்த்தாள். போர்வைகள் மெதுவாக... அவளுக்குள் இறங்கின. மெத்தை வரைக்கும்.

அவள் இடுப்பில் நாடா இருந்தது.

கத்த வாயைத் திறந்தேன்.

"கத்து," என்றாள். "கத்தினா வீட்டுக்கு அனுப்புவாங்களா?"

வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் அறை. மேசையில் டிஸ்சார்ஜ் தாள். கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. பேருக்குத்தான் கேட்டார்.

"தூக்கம்?"

"நடுவுல ஒருதரம் முழிச்சேன்."

தலையாட்டினார்.

"வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

பையனுக்குச் சாப்பாடு ஊட்டணும். அதைத்தான் சொல்ல வந்தேன்...

"போனதும் முதல்ல என் பொண்ணுக்குத் தலை சீவிப் பின்னி விடணும் டாக்டர்."

என் வாய்தான் அசைந்தது.

டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதை... யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல."

தாளை இழுத்தார். நாலாகக் கிழித்தார்.

திரும்பி வந்தேன். பக்கத்துக் கட்டிலில் போர்வைகள் மட்டும்.

இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. கணவர் சொன்னபடி பையனோடு போயிருந்தார். கேட் வரை கூட வந்த தலைமை நர்ஸிடம் கேட்டேன்.

"சிஸ்டர், பக்கத்துக் கட்டில்ல முன்னாடி யாரு?"

"ரெண்டு வருஷமா யாரையும் போடறதில்லம்மா. கடைசியா இருந்தவங்க டாக்டர்கிட்ட ரொம்பத் தெளிவாப் பேசிட்டு வீட்டுக்குப் போனாங்க. அன்னிக்கு சாயங்காலமே..."

"தனியாவா?"

"இல்ல. பொண்ணையும் சேத்துதான்."

கேட்டைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க பையன் ஊர்ல இருக்கான்ல? அங்கயே இருக்கட்டும்மா."