சீர்த்தட்டில் வந்த கிராபிக்ஸ் கார்டு

கூடலூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். எடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, அழ வேண்டிய இடத்தில் அழ வைத்துத் தருவது அனுசுயா அக்கா. இந்தப் பக்கத்தில் தங்கள் வீட்டு விசேஷ வீடியோவைப் பார்த்து யார் கண்கலங்கியிருந்தாலும் அதில் பாதி அக்காவின் கைவேலை. பெயர் என்னவோ ஸ்டுடியோ முதலாளி ஜாஸ்பருக்குத்தான்.

அக்காவிடம் இருந்தது ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட பழைய டெஸ்க்டாப். படுத்துக் கிடக்கும் ஒல்லிப் பெட்டி. வீட்டுக்காரர் அருண்பாண்டி கேரளாவுக்கு லோடு ஓட்டுகிறவர். வந்தால் வருமானம், வராவிட்டால் இல்லை. அந்தப் பெட்டிதான் வீட்டுக்கு அரிசி போட்டது.

இந்த வருடம் ஜாஸ்பர் துல்லியமாகப் படம் பிடிக்கும் ஃபோர்கே கேமரா வாங்கினார். அதில் எடுத்ததைப் போட்டால் அக்காவின் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை தாலியைத் தூக்குவார், அப்படியே நிற்பார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் நின்றுகொண்டே இருப்பார். ஜாஸ்பர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வைகாசி முகூர்த்தத்துக்குள்ள சிஸ்டத்தச் சரி பண்ணுங்கம்மா. இல்லைனா தேனியில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காக. அவுகளுக்குத்தான் வேலையக் குடுக்கணும்."

அக்கா பெட்டியைத் திறந்தது. எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தது: வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்த்தது. உள்ளே எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், பவர் சப்ளை எவ்வளவு தாங்கும், தனியாக ஒயர் ஏதும் உண்டா என்று பார்த்தது. யூடியூபில் இந்திக்காரன் பேசுவதைக்கூட விடவில்லை. கடைசியில் ஒன்று அமைந்தது. வீடியோவைத் திக்காமல் ஓட வைக்கிற, உள்ளங்கை நீளத்தில் ஒரு குட்டி கிராபிக்ஸ் கார்டு. தனி ஒயர் வேண்டாம், சொருகினால் போதும். இதைவிடப் பெரிது எதுவும் அந்தப் பெட்டிக்குள் நுழையாது.

அந்த நேரம் பார்த்து மகள் திரிஷா வயதுக்கு வந்தாள். சடங்குக்குச் சீர் என்ன வேண்டும் என்று அல்லிநகரத்திலிருந்து அண்ணன் முத்துராஜா போன் போட்டார். ஜேசிபி வைத்திருக்கிறவர், வசதிக்குக் குறைவில்லை.

"பீரோ வேணாண்ணே, வாஷிங் மிஷின் வேணாம். போட்டோ அனுப்புறேன், அந்தக் கார்டு ஒண்ணு மட்டும் வாங்கிக் குடு. நான் சம்பாரிச்சுக்கிருவேன்."

"அதுக்கென்னத்தா, வாங்கிட்டாப் போச்சு."

கடையில் நடந்ததை அவரே மண்டபத்து வாசலில் என் கேமராவுக்கு முன்னால் பெருமையாகச் சொன்னார்.

"கடக்காரன் எடுத்துக் காட்டுறான், மிச்சர் பாக்கெட்டு கணக்கா இருக்கு. அதத் தாம்பாளத்துல வச்சுத் தூக்கிட்டு வந்தா ஊரு காறித் துப்பாது? தாய்மாமன் சீருய்யா! இருக்குறதுலயே பெருசு எதுடான்னேன்."

மேளதாளத்தோடு சீர் வந்தது. வாழைப்பழத் தட்டு, லட்டுத் தட்டு, சேலைத் தட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கார்டு. அட்டைப் பெட்டிக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று முத்துராஜாவின் மனைவி தேவயானி அதை வெளியே எடுத்து, பட்டுத்துணி விரித்துப் படுக்க வைத்திருந்தார். ஒரு முழத்துக்குக் கிடந்தது. மூன்று ஃபேன். மூன்றிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். மைக் பிடித்தவனுக்கு அது என்னவென்றே தெரியாது. "தாய்மாமன் முத்துராஜா அவர்கள் வழங்கும் மூன்று ஃபேன்!" என்று கத்தினான். கூட்டம் கைதட்டியது. நான் அக்காவின் முகத்தை க்ளோசப்பில் வைத்திருந்தேன். சிரித்துக்கொண்டு வந்தது. தட்டைப் பார்த்தது. சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் செத்துப்போனது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கார்டு கம்ப்யூட்டர் பெட்டியைவிட நீளம். அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும். பழைய பவர் சப்ளையில் அதற்கு ஒயரே கிடையாது. இந்தக் கார்டை ஓட்ட வேண்டுமானால் கம்ப்யூட்டரையே புதிதாக வாங்க வேண்டும். கடைக்காரனுக்கு போன் போட்டால், பெட்டி பிரித்து, சந்தனம் வேறு பூசியதை எப்படித் திரும்ப எடுப்பேன் என்கிறான். நியாயம்தானே?

நான் அலைந்து தேனியில் கம்ப்யூட்டர் சாமான் வாங்கி விற்கிற ஓர் ஆளைப் பிடித்தேன். பெரியதை எடுத்துக்கொண்டு, குட்டிக் கார்டையும் கொடுத்து, மேலே பணமும் தருவதாகச் சொன்னார். அக்காவின் முகம் தெளிந்தது. ஆனால் மாமியார் மொக்கம்மாள் விடவில்லை.

"மாமன் வச்ச சீர விக்கவா? நாளப்பின்ன அவுக வந்து எங்கனன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவ? எம் மகன் வக்கத்துப்போயி வித்துத் தின்னுட்டான்னு ஊரு பேசவா?"

அருண்பாண்டியிடம் கேட்டால், "ஆத்தா சொல்றதக் கேளு" என்று போனை வைத்துவிட்டார்.

"அக்கா, உங்க அண்ணன்கிட்ட நான் சொல்றேன். பொருந்தலைன்னா மாத்திக்கச் சொல்லிட்டுப் போறாரு" என்றேன்.

"வேணாம் தம்பி. சீருல குத்தம் சொன்னேன்னு அண்ணி காதுல விழுந்துச்சு, அதோட போக்குவரத்து முடிஞ்சுச்சு. நாளைக்கு எம் மகளுக்கு மாமன்னு வந்து நிக்க யாரு இருக்கா? எனக்குத்தான் அவுகள விட்டா யாரு இருக்கா?"

கார்டு ஷோகேஸில் உட்கார்ந்தது. பொம்மைகளுக்கு நடுவில், குங்குமம்கூடக் கலையாமல். வருகிறவர்களுக்கெல்லாம் மொக்கம்மாள் அதைக் காட்டினார். எனக்கு அந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும்போல இருந்தது. வேலை செய்து பிழைக்க ஒருத்தி ஒரு பொருள் கேட்டால், அவள் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து வாங்குகிற ஊர் இது.

வைகாசி வந்தது. ஜாஸ்பர் சொன்ன சொல் தவறாதவர். வேலை தேனிக்குப் போனது. அக்கா மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தது.

போன வாரம் காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குமுளி மலையேறும் ஜீப்புக்காக அக்கா நின்றிருந்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. முத்துராஜாவின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"என்னத்தா, நம்ம கார்டு எப்பிடி ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணே."

"ஓடாம? சரி, சடங்கு வீடியோ இன்னும் கைக்கு வரலையே. உன் கையாலயே எடிட் பண்ணிக் குடு. சீர் வர்ற இடத்த மட்டும் நல்லாப் பெருசா போடு, என்ன?"

"ஆகட்டும்ணே" என்று சொல்லிவிட்டு அக்கா ஜீப்பில் ஏறியது.