வில்லனைக் கைவிட்ட நாள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் முப்பத்தைந்து நிமிடம். தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்த பதினெட்டு வருடமும் அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நான் வீணாக்கியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் பக்கத்தில் உட்காருவார். நன்றாக ஓடிய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் நடித்த அத்தனை பேரையும் மாற்றுவோம். கோபுரம் கண்ணில் படுவதற்குள் கடைசி வேஷம் வரை ஆள் போட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்குப் படம் ரிலீஸ் இல்லை.

எங்களுக்குப் பரம திருப்தியாக அமைந்தது, ஊரையே அழவைத்த ஒரு அப்பா படம். அதில் கதாநாயகன் பதினோரு முறை அழுவார், எண்ணியிருக்கிறேன். அழுது பழகிய ஆள் அழுவதில் என்ன இருக்கிறது? படத்துக்குப் படம் பெண்களின் கையை முறுக்கும் அந்த வில்லன் ஒரே ஒரு முறை அழுதால் கொட்டகை அதிராதா? எனவே அப்பா வேஷத்தை வில்லனுக்குக் கொடுத்தோம்.

“கதாநாயகரைச் சும்மா உக்கார வைக்கக் கூடாது அண்ணாச்சி, சங்கடப்படுவாரு” என்றார் பாய். கதாநாயகருக்குப் போஸ்ட்மேன் வேஷம் போட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குப் பாய் ஒரு வரன் கொண்டுவந்தார். அவர் கடையில் துணி எடுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பம். பையன் ராணுவத்தில் இருந்தான். முப்பது நாள் லீவில் பத்தொன்பது நாள் போய்விட்டது. மகளை அனுப்ப மனசு வராமல் அலமாரியில் அவன் போட்டோவை நான் மூன்று முறை கவிழ்த்து வைத்தேன். மூன்று முறையும் அது நிமிர்ந்திருந்தது. வீட்டில் இருந்தது நானும் மகளும்தான். நான் நிமிர்த்தவில்லை.

பெண் பார்க்கப் பாயோடு சேர்த்து ஏழு பேர் வந்தார்கள். தலைக்கு மூன்று என்று இருபத்தொரு பஜ்ஜி. வாசலில் செருப்பைக்கூட எண்ணினேன். பையனின் அப்பா விரலில் கிடந்த மோதிரத்தை மட்டும் பார்க்கத் தவறிவிட்டேன்.

“தெனமும் ஒண்ணாத்தான் பஸ்ல போவியளாமே, அம்புட்டு நேரமும் என்ன பேசுவிய?” என்று அவர் மரியாதைக்குக் கேட்டார்.

பாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. “அந்த அப்பா படத்துல அண்ணாச்சி ஒரு மாத்தம் பண்ணியிருக்காக பாருங்க...” என்று தொடங்கி முழுவதையும் சொல்லி முடித்தார்.

கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் மோதிரத்தைத் திருப்பினார். அதில் கதாநாயகரின் முகம் இருந்தது. ஊரில் அவருடைய ரசிகர் மன்றத் தலைவரே இவர்தானாம்.

“எங்க ஆளு போஸ்ட்மேனா?”

பாய் பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எத்தனை சீனு?”

எனக்கு எண்ணிக்கையில் பொய் வராது. “ரெண்டு.”

“ஒண்ணுல சைக்கிள் மட்டுந்தான் தெரியும்” என்றார் பாய்.

“ஏலே, எந்திரி!” என்று பையனின் அப்பா அவனை அதட்டினார். பையன் எழுந்திருக்கவில்லை. அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாப்பது தடவை அந்தப் படத்தைப் பாத்து அழுதவன் நான். எங்க ஆளைச் சைக்கிள்ல ஏத்திவிட்ட வீட்டுலயா சம்பந்தம் பண்ண?”

கூப்பிடாமலே என் மகள் காப்பித் தட்டோடு வந்துவிட்டாள். முதல் டம்ளரை அவரிடம் நீட்டினாள். “மாமா, எங்கப்பாதான மாத்துனாக, அவுகளே திருப்பி மாத்திருவாக.” பிறகு என்னைப் பார்த்தாள். “மாத்துங்கப்பா.”

நான் பாயைப் பார்த்தேன். கூடாது என்று அவர் தலையை ஆட்டினார். பையனின் லீவில் மிச்சமிருந்த நாட்களை மனதுக்குள் எண்ணினேன்.

“அப்பா வேஷம் அவருக்கே” என்றேன்.

“அப்ப போஸ்ட்மேன்?” என்றார் பையனின் அப்பா.

“வில்லனுக்குக் கொடுத்துரலாம்.”

“அவனுக்கு எதுக்கு கவர்மெண்டு வேலை? வில்லன் வில்லனாவே இருக்கட்டும்.”

“இருக்கட்டும்” என்றேன். அவர் பஜ்ஜியை மறுபடி கையில் எடுத்தார். அது ஆறிப்போயிருக்கும். மூன்றையும் தின்று முடித்துவிட்டு முகூர்த்தநாள் பற்றிப் பேசினார்.

மறுநாளிலிருந்து பாய் பேருந்தில் மூன்று வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார். “ஒரு மனுசனுக்கு நல்ல வேஷத்தைக் குடுத்துட்டுப் பிடுங்கலாமா அண்ணாச்சி? உங்க மககிட்ட அவன் என்ன தப்புப் பண்ணுனான்?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். லீவு முடிவதற்குள் ஒன்பதாம் நாளே வைத்த கல்யாணத்துக்கு வந்தார். நல்ல பட்டாகக் கொண்டுவந்தார். அதற்கு மறுநாள்தான் பழைய இடத்துக்குத் திரும்பினார்.

இப்போதும் தொலைக்காட்சியில் அந்தப் படம் போட்டால் சம்பந்தி எனக்கு ஆள் அனுப்பிவிடுவார். போகாமல் இருக்க முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அவர் பதினோரு இடத்திலும் துண்டை எடுப்பார். மகள் கல்யாணமாகிப் போகும் காட்சியில் நானும் கண்ணைத் துடைப்பேன்.

“பாத்தியளா, எங்க ஆளு உங்களையே அழ வச்சுட்டாரு!” என்பார்.

“ஆமாம்” என்பேன். என் கண்ணுக்கு அங்கே நின்று அழுவது வில்லன்தான். என் மகளுக்கு அது தெரியும். சிரித்துவிடாமல் இருக்க, காப்பி போடப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவாள்.