தழும்பைத் தாண்டிய கோடு

இதை யார் படித்தாலும் தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா கூடத்தில் தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் கத்தினால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

என் பெரியப்பா மகள் மாலினி அக்காவை இன்று மதியம் தகனம் செய்தோம். அவரைப் பற்றி இன்று கிள்ளானில் ஒரு பந்தல் முழுக்கப் பேசினார்கள். அதில் அவர் இல்லவே இல்லை. அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் ஒருவராவது சரியாகச் சொல்ல வேண்டும்.

செய்தி நேற்று பள்ளி வேனில் ஏறும்போது வந்தது. அம்மாவின் குரல் பதிவு. "மாலினி போய்ட்டாம்மா. நேரா வீட்டுக்கு வா. யாருகிட்டயும் எதுவும் பேசாத." அழுவதற்கு முன்பே வாயை மூடச் சொல்லிவிட்டார்கள். டெங்கிக் காய்ச்சல். போன வாரம் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்யக் காய்ச்சலோடு போயிருக்கிறார். "பொண்ணு காத்திருக்கும்லா, மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். அதுதான் அவர் எனக்கு எழுதிய கடைசி வரி.

நான் அவரை நன்றாகத் தெரிந்துகொண்டது என் பதின்மூன்றாம் வயதில். பள்ளிப் பொங்கல் விழாவில் ஆடுவதற்காக நானே கண்ணுக்கு ஐலைனர் போட்டுக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்னடி இது, யாரு குத்தினது? போலீஸ்ல சொல்லிட்டியா?"

பிறகு முகத்தைக் கழுவச் சொன்னார். கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து என்னைக் கீழே பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்தால் இமை தானாக விரியுமாம். விரலால் இழுக்கவே கூடாது. இழுத்துப் போட்ட கோடு, விட்டவுடன் சுருங்கிவிடும். முழங்கையை மேசையில் ஊன்றி, இமையின் நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். மூக்குப் பக்கம் கடைசியில், அதுவும் முனையில் மிச்சமிருக்கும் மையை வைத்து. "ஒரே இழுப்புல போடறேன்னு பீத்திக்கிறவங்கள நம்பாத. சின்னச் சின்னதா போட்டுச் சேரு. முடிஞ்சதும் கண்ண மூடிப் பத்து வரைக்கும் எண்ணு. காயறதுக்குள்ள தெறந்தா எல்லாம் போச்சு."

அப்போது அவர் கணவரை விட்டு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே அறை எடுத்திருந்தார். மல்லிகை வாசமும் சாக்கடை வாசமும் சேர்ந்தே மேலே வரும். சனிக்கிழமைகளில் டியூஷன் முடிந்து அங்கே போவேன். அக்கா ஐலைனர் குறிப்புகளைச் சின்னச் சின்னக் காணொளிகளாக எடுத்துப் போடுவார். அதில் வரும் கண் என்னுடையது. கண் மட்டும்தான், முகம் இருக்காது. "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் சேத்து வச்சு வெட்டிருவாரு" என்பார். ஒருமுறை என் வகுப்புத் தோழி ஓய்வு நேரத்தில் கைப்பேசியை நீட்டி, "இந்தக் கண்ணப் பாருடி, செம்மலா! நமக்கும் இருக்கே, கோழி முட்டை மாதிரி" என்றாள். சாப்பாடு புரையேறிவிட்டது எனக்கு.

அக்கா யாரிடமும் கடுமையாகப் பேசி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. பங்சாரில் ஒரு கல்யாண வீடு. நானும் உடன் போயிருந்தேன். கண் அலங்காரம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் வந்து, "இன்னும் பட்டையா வேணும்" என்று தம் கைப்பையிலிருந்து ஒரு கண்மை பென்சிலை எடுத்தார். முனை காய்ந்திருந்தது. நாக்கை நீட்டி அதை நக்கி ஈரமாக்கிக்கொண்டு பெண்ணின் கண்ணுக்குக் கொண்டுபோனார். அக்கா குறுக்கே கையை வைத்தார்.

"ஆன்டி, எச்சில் பென்சில் கண்ணுல படக்கூடாது."

"நாங்க காலங்காலமா இப்படித்தான் போடறோம். நீ பெரிய டாக்டரா?"

"டாக்டரா இருந்தா வெளிய போகச் சொல்லிருப்பேன். மேக்கப்காரிதானே, அதான் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்."

திரும்பும் வழியில், "அன்பா செய்யறாங்களாம். எச்சிலத் தடவி ஒரு அன்பு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய இடது இமையில், விளிம்புவரை இறங்கிய ஒரு தழும்பு இருந்தது. கண் திறந்திருந்தால் பெரும்பாலும் மடிப்புக்குள் மறைந்துவிடும். மூடினால்தான் தெரியும். கேட்பவர்களிடம் படியில் விழுந்ததாகச் சொல்வார். என்னிடமும் முதலில் அப்படித்தான் சொன்னார். போன ஆண்டு ஒருநாள், தமக்குத் தாமே கோடு போடும்போது தழும்பு வந்த இடத்தில் ஐலைனர் பேனாவைத் தூக்கி, அதைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். ஏன் நிரப்பவில்லை என்று கேட்டேன்.

"மத்தவங்களுக்கு நெரப்பிருவேன். எனக்கு வேணாம். நான் என்ன தப்பு பண்ணேன் மறைக்கறதுக்கு?" பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "படியில விழுந்தேன்னு சொல்றேன்ல, படி மோதிரம் போட்டிருக்காதுடி."

அந்தக் காயத்தோடு அவர் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தானாம். பெரியப்பா உயிரோடு இல்லாததால் என் அப்பாதான் அவருக்கு அப்பா மாதிரி. "புருசன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும்" என்று சொல்லி, அப்பாவே காரில் திரும்பக் கொண்டுபோய் விட்டாராம். இதை அக்கா கோபமில்லாமல் சொன்னார். 

நேற்றும் அதையேதான் அப்பா செய்தார். விவாகரத்து வழக்கு முடியவில்லை, சட்டப்படி அவன்தான் கணவன், அந்த வீட்டிலிருந்து எடுத்தால்தான் மரியாதை என்றார். எந்த வீட்டிலிருந்து அக்கா தப்பி வந்தாரோ, அதே வீட்டுக் கூடத்தில் அவரைப் பெட்டியில் கிடத்தினார்கள்.

இன்று காலை நான் போனபோது சிவப்புப் பட்டு கட்டியிருந்தார்கள். பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் அக்கா கழற்றி எறிந்த தாலிக்குப் பதில் புதிதாக ஒன்று. கணவருக்கு முன்னால் போய்விட்டதால் சுமங்கலி அலங்காரமாம். "மகராசி, பூவோட பொட்டோட போய்ட்டா" என்று பெண்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அந்த ஆள் வாசலில் கைகட்டி நின்று, வருபவர்களிடமெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அவனுடைய மூத்த சகோதரி புஷ்பா ஆன்டி அக்காவின் கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். பென்சிலை நக்கினார். அக்காவின் இடது இமையில் தழும்பு மறையும்வரை தேய்த்தார். மறுபடி நக்கினார், மறுபடி தேய்த்தார். பிறகு கைப்பேசியைக் கண்ணாடியாகப் பிடித்து, அதே பென்சிலால் தம் கண்ணையும் சரிசெய்துகொண்டார். நான் பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். "சின்னப் பொண்ணு, பாசம்" என்றார்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரும் பந்தலில் தேநீர் குடிக்கப் போனார்கள். கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அந்த மையைத் துடைத்தேன். இமை அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று நினைக்கவில்லை. அக்கா எனக்குக் கொடுத்த ஐலைனர் பேனா என் பையில் இருந்தது. முழங்கையைப் பெட்டி விளிம்பில் ஊன்றினேன். நடுவில் தொடங்கினேன். வலது கண் முடிந்தது. இடது கண்ணில் தழும்பு வந்ததும் பேனாவைத் தூக்கி, தாண்டி, அந்தப் பக்கத்திலிருந்து தொடர்ந்தேன். பத்து எண்ணினேன். பேனாவைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டேன்.

கடைசியாக முகம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தத் தழும்பைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் அதையும் பார்த்து, அந்த ஆளின் மோதிரத்தையும் பார்த்தார். "மகராசி" என்ற சொல் அதற்குப் பிறகு கேட்கவில்லை. புஷ்பா ஆன்டி மட்டும் கத்தினார்: "யாரு பொணத்துல கைய வச்சது?"

இரவுச் சாப்பாட்டின்போது அந்த ஆள் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தான். யாரோ அவனிடம் அக்காவின் காணொளிகளைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கண்ணிலும் அதே கோடு. அவன் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு, அப்பா என் கண்ணையே பார்த்துக்கொண்டு, "விசாரிக்கிறேன் மாப்ள" என்றார். மாப்பிள்ளையாம்.

அக்கா, நீங்கள் போட்டுக்கொண்ட மாதிரியேதான் உங்களை அனுப்பினேன். நன்றாகப் போய் வாருங்கள். இப்போது நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன், படுக்க வைத்த கண்ணாடியில் பார்த்து. இடது இமையில் உங்களைப் போலவே ஒரு சிறு இடைவெளி விட்டிருக்கிறேன். அப்பா கேட்டால் நான் இல்லை என்று சொல்லலாம், துடைத்துவிட்டுப் படுக்கலாம் என்றுதான் மாலை வரை நினைத்திருந்தேன். மறைப்பதற்கு நான் என்ன தப்பு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். கோடு இன்னும் காயவில்லை