நடுப்பங்கு

வாய்க்கால் கரையோடு மன்னார்குடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். சித்தப்பாவின் தோளில் கம்ப்யூட்டர் பெட்டி. என் தலையில் போர்வை சுற்றிய திரை. அவரை வீட்டை விட்டுத் துரத்தியவர் அப்பா. ஒன்பதாவதில் தேறாத எனக்கு அங்கே வேறு வேலை இல்லாததால் சுமக்கக் கிளம்பிவிட்டேன்.

தாத்தாவின் கருமாதி முடிந்த வாரம் அது. சித்தப்பா ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய ஐரோப்பாவில் எந்த ராஜா எதுவரை ஆண்டான் என்று அந்தக் காலத்து ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரைபடம். கதவைச் சாத்திக்கொண்டுதான் வரைவார். சாத்திய கதவு எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாது. அன்று சரிபார்க்க அவர் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த படங்களை அப்பா பார்த்துவிட்டார். முதல் படத்தில் நிலம் முழுதும் ஒரே பச்சை. அடுத்ததில் மூன்று நிறம். பிறகு படத்துக்குப் படம் நடுவிலிருந்த மஞ்சள் இரண்டு பக்கமும் கரைந்துகொண்டே போனது. ஓரத்தில் ஒரு நீலக் கோடு, எங்கள் வாய்க்காலைப் போலவே வளைந்து.

எங்கள் பக்கம் நிலத்தை யாரும் நேராகத் திருடுவதில்லை. நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கும் சாக்கில் போகத்துக்கு ஒரு விரற்கடை தின்பார்கள். ஆகையால் அப்பாவுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"கருமாதி ஈரம் காயல, அதுக்குள்ள எனக்கும் தங்கச்சிக்கும் உனக்குமா மூணா பிரிச்சு கலர் அடிச்சிட்டியா? நடுப்பங்கு யாருக்குடா? எனக்குத்தானே?"

"அண்ணே, அது ஐரோப்பாண்ணே. அப்பன் செத்ததும் ராஜா மவனுங்க பிரிச்சிக்கிட்டது."

"பாத்தியா, அப்பன் செத்ததும்னு நீயே சொல்ற!"

வழியெல்லாம் எனக்கும் சந்தேகம் விடவில்லை.

"அவங்க நிலத்த நீங்க ஏன் சித்தப்பா வரையணும்?"

"அவங்க ஊர்ல கூலி சாஸ்திடா."

"அந்த மஞ்சளு?"

"ரெண்டு பக்கத்துக்காரனுமா தின்னுட்டான். பாத்து நட, திரை விழுந்துரப் போவுது."

பாலம் தாண்டுகையில் ஒருமுறை நின்று எங்கள் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏக்கமா, கணக்கா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் காலை சித்தப்பா மன்னார்குடியில் வாடகை அறை தேடிப் போய்விட்டார்; எனக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை. டீக்கடையில் நிலம் அளக்கும் சர்வேயர் ஒருவர் செயின் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"சோறு உண்டா சார்?"

"அளந்து முடிச்சா உண்டு. ஏறு."

பைக் எங்கள் ஊர்ப் பாதையில் திரும்பியது. என்னைத் தேடித்தான் அப்பா ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வயலில் புதுக் கற்கள் கிடந்தன. பக்கத்தில் அப்பா நின்றார். சர்வேயரிடம்தான் பேசினார்.

"மூணா அளந்து கல்லு ஊணுங்க சார். என் பங்கு மட்டும் ஓரமா வரட்டும்."

சர்வேயர் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். செயினின் முனையை இழுத்துப் பிடித்தேன், மத்தியானச் சோறு எங்கள் வீட்டிலேயே கிடைத்துவிடும் என்ற சந்தோஷத்தோடு.