கீழே இறங்காதவள்

எனக்குக் குளிர் பிடிக்காது. இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மனிதனோடு இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தினேன்.

அவர் எனக்கு முன்பே சுவிசுக்கு வந்து, எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்த எனக்குக் கல்யாணம் பேசியபோது தொலைபேசியில் "கொஞ்சம் குளிரும்" என்று மட்டும் சொன்னார். நான் வந்து இறங்கியது பெப்ரவரியில். ரெயினை விட்டு இறங்கி முதல் மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் இருந்த மயிரெல்லாம் விறைத்துக் குத்தியது. அழுதேன். கண்ணீர் இமையில் ஒட்டிக்கொண்டது. அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பழகிப் போடும், வாரும்" என்று முன்னால் நடந்தார்.

பழகவில்லை. அதே ஹோட்டலின் சலவைப் பகுதியில் நானும் சேர்ந்தேன். பகல் முழுக்க நீராவிக்குள் வெந்துவிட்டு, ஈரத் தலையோடு வெளியே வந்தால் வீட்டுக்குப் போகுமுன் முடி கம்பியாகிவிடும். முதல் பனி விழும் அன்று தொடங்குவேன். மே மாதம் வரைக்கும் விடமாட்டேன்.

"மனிசர் இருக்கிற இடமோ இது? ஆடு மாட்டைக் கூட ஒருத்தரும் இப்பிடி ஐசுக்குள்ள கட்ட மாட்டினம். உங்களை நம்பி வந்ததுக்கு எனக்கு இது வேணும்."

அவர் வாயால் பதில் சொல்கிற ஆள் இல்லை. எழும்பிப் போய் யன்னலைத் திறப்பார். ஜனவரி மாதத்தில், அகலமாக. திறந்துவிட்டு, ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் இருப்பார். நான் வாயை மூடும் வரைக்கும் யன்னலை மூடமாட்டார். எங்கள் ஒரே மகள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்வாள்.

மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது அவருக்கு மலைக்குக் கீழே ஷ்லீரன் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை சரிவந்தது. அவருடைய அக்கா பார்த்துக் கொடுத்த வேலை. அக்கா இருந்த கட்டடத்திலேயே, அதே மாடியில், ஒரு வீடும் காலியாக இருந்தது. யாருடையதோ காரை இரவல் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் பார்க்கப் போனோம். நல்ல வீடு. பல்கனி, பக்கத்தில் தமிழ்க் கடை, வாசலில் பஸ். மலையோடு ஒப்பிட்டால் குளிரென்று சொல்லவே முடியாது.

அவருடைய அக்கா, என் மச்சாள், அந்த வெறும் வீட்டின் சமையலறை அலுமாரிகளைத் திறந்து திறந்து காட்டினாள். "இதுக்குள்ள மாவை வையும். இதுக்குள்ள தூளை வையும். உம்மட சமையல் தம்பிக்கு ஒத்துவரேல்லயெண்டு ஆளைப் பாக்கத் தெரியுது. இஞ்ச வந்தால் நான் பாத்துக்கொள்ளுவன்."

படியில் இறங்கும்போது எதிரே வந்த ஒரு தமிழ்ப் பெண் என் மகளைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். "ஒண்டோட நிப்பாட்டினதோ, இல்லாட்டி நிண்டு போச்சுதோ?" என்று கேட்டாள். மச்சாள் சிரித்தாள்.

காரில் ஏறியதும் சொன்னேன்: "நான் இஞ்ச வர மாட்டன்."

"மேல குளிரெண்டு கத்துறீர்."

"குளிர் என்னை ஒரு கேள்வியும் கேக்காது."

அவர் காரை எடுத்துத் தெருவுக்கு ஏற்றினார். பிறகு "சரி" என்றார். வேலை வேண்டாமென்று அடுத்த நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டார். அந்த வருடமும் பனி விழுந்தது, நானும் வழக்கம்போலத் தொடங்கினேன். ஷ்லீரனைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. யன்னலைத்தான் திறந்தார்.

அவர் செத்தது ஜூலையில். புல்வெளியெல்லாம் பூத்து, உல்லாசப் பயணிகள் அரைக் காற்சட்டையோடு திரிந்த ஒரு மத்தியானம், ஹோட்டலின் களஞ்சிய அறையில் கரட் பெட்டியைத் தூக்கப் போனவர் அப்படியே விழுந்தார். இதயம். நான் அப்போது கீழ்மாடியில் மேசை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

செத்த வீட்டில் மச்சாள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறினாள்: "என்ர தம்பியை அந்த ஐசுப் பெட்டிக்குள்ள வைச்சே கொண்டுபோட்டாள்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவர் செத்தது வெயிலில" என்றேன். அழாமல் சொன்னேன் என்பதுதான் பிறகு ஊரெல்லாம் கதை.

மகள் கீழே வின்டர்தூர் நகரில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தாள். நவம்பரில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கென்று ஓர் அறை, புது மெத்தை, கை வைக்க முடியாத சூட்டில் ஹீட்டர். வெளியே மூடுபனி. வாரக்கணக்காகச் சூரியன் இல்லை. அங்கேயும் எனக்குக் குளிர்ந்தது.

"என்ன இடமடி இது, வெளிச்சமே இல்லை. இந்த நிலத்தில கால் வைக்க ஏலாமல் கிடக்கு. ஆர் உன்னை இந்த வீட்டை எடுக்கச் சொன்னது?"

இரவு வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்தாள்.

"அம்மா, அப்பாவும் இல்லை. இனி என்னையோ பேசப் போறியள்?"

"நான் குளிரைச் சொல்லுறன்."

"இல்லை. நீங்கள் ஒருநாளும் குளிரைச் சொன்னதில்லை, அப்பாவைத்தான் சொன்னனீங்கள். ஷ்லீரனுக்குப் போகேக்க நான் பின் சீற்றில இருந்தனான். வேண்டாமெண்டது நீங்கள். அதுக்குப் பிறகும் அவர் கொண்டுவந்து போட்டதெண்டுதான் கத்தினனீங்கள்."

"யன்னலைத் திறந்து வைச்சது ஆர்?"

"அவர்தான். ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைத்தான் விறைக்க வைச்சனீங்கள்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

எனக்குப் பச்சாத்தாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இதையெல்லாம் தகப்பன் சாகும் வரைக்கும் பொத்தி வைத்திருந்தாளே என்ற கோபம். அறைக்குள் இருந்து, வேறு யாரையாவது குற்றம் சொல்லலாமா என்று யோசித்தேன். கல்யாணம் பேசிய என் அப்பா செத்துப்போனார். பேசி முடித்த புரோக்கரும் செத்துப்போனார். நாட்டில் நடந்த சண்டையைச் சொல்லலாம்தான், ஆனால் அந்தச் சண்டை என்னை ஷ்லீரனுக்குப் போகாதே என்று மறிக்கவில்லை. ஆள் ஆளாகத் தள்ளிக்கொண்டு போனதில் கடைசியில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

டிசம்பரில் திரும்ப மலைக்குப் போகிறேன் என்றேன். ஸ்டேஷனுக்கு வந்த மகள் பெட்டியை ரெயினுக்குள் தள்ளினாள்.

"போறதெண்டால் போங்கோ. பிறகு குளிருதெண்டு எனக்குப் போன் எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டன்."

எடுக்கவில்லை. ஹோட்டலில் என் இடத்துக்கு ஒரு போர்த்துக்கேயப் பெண்ணை எடுத்திருந்தார்கள். எனக்கு அரை நாள் வேலைதான் தந்தார்கள். அந்த வருடக் குளிர் பொல்லாத குளிர். ஒரு நாள் காலையில் குழாய் உறைந்து தண்ணீர் வரவில்லை. பேசுவதற்கு வாயைத் திறந்தேன். வீட்டில் யாரும் இல்லை. மூடிக்கொண்டேன். வாசல் பனியை நானே வெட்டி ஒதுக்கினேன். நடுவில் ஒரு மனிதன் இல்லாமல், முதல் தடவையாகக் குளிரைக் குளிராகவே வெறுத்தேன். அந்த வெறுப்புக்குப் பதில் சொல்ல யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. இருக்கிறேன் என்று வந்தது நான்தான்.

ஜனவரி முடிவில் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தேன். புதுப் பனிக்குக் கீழே ஐஸ். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. தோளில் பனிச்சறுக்கு ஸ்கீயோடு வந்த ஒருவன் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து, விழுந்து கிடந்த என்னைப் பார்த்து, "கவனம், வழுக்கும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனான். கடைசியில் பால் வண்டிக்காரர்தான் தூக்கிவிட்டார்.

மகள் அடுத்த நாள் வந்தாள். கையில் பிளாஸ்டர் போட்டிருந்ததால் குளியலறையில் என்னைக் குனியவைத்து அவளே தலை முழுகவைத்தாள். நோயாளிகளை இப்படித்தான் முழுகவைப்பாளோ தெரியாது. முடியை வேரோடு பிடுங்குகிற மாதிரி இழுத்தாள். நான் நோகுது என்று சொல்லவில்லை.

"கீழ வாங்கோ எண்டு இனிக் கேக்க மாட்டன்" என்றாள்.

"கேக்காத."

"தனியக் கிடந்து சாகப் போறியள்."

"சாகலாம். குளிருக்குப் பிணம் பழுதாகாது."

அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை என் கழுத்தில் வேண்டுமென்றே ஊற்றினாள். துவாயால் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் குரல் கேட்டது.

"என்ன வீடம்மா இது, இப்பிடிக் குளிருது?"

"ஓம், குளிரும்" என்றேன். "கதவுக்குப் பின்னால என்ர சுவெற்றர் கிடக்கு. போடு."